புழக்கடைத் தோட்டத்துக்கு வயல் மருந்து வேண்டாம்: வீட்டைச் சுற்றியுள்ள மண், தண்ணீர் கெடாமல் காய்கறி வளர்க்கும் முறைகள்

ஐந்து ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற பல வீடுகளில் குழம்புக்குக் கத்தரிக்காய் சந்தையிலிருந்துதான் வருகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்று வைத்தால் தினமும் ஒன்றரை கிலோ வேண்டும். வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் இடமும், குளித்த தண்ணீரும், மாட்டுச் சாணமும் இருந்தால் இதில் பெரும்பகுதியை அங்கேயே எடுத்துவிடலாம்.

புழக்கடையில் நாலு கத்தரி, பத்து வெண்டை, ஒரு அவரைப் பந்தல் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வேறு ஒரு பழக்கத்தைப் பார்க்கிறோம். வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வரும்போது டேங்கில் இரண்டு லிட்டர் மீந்திருக்கும். "கொட்டினா வீண்தானே" என்று அதைக் கத்தரிச் செடிக்கும் முருங்கைக்கும் அடித்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வீட்டுப் பெண்கள் அதே செடியில் காய் பறிப்பார்கள், அதே மரத்தில் கீரை உருவுவார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த இரண்டு லிட்டரைப் பற்றியது.

மீந்த மருந்தை ஏன் அடிக்கக் கூடாது?

ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் எந்தப் பயிர், எவ்வளவு அளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை என்று லேபிளில் எழுதியிருக்கும். இந்தக் கடைசி விஷயத்தைக் காத்திருப்புக் காலம் என்கிறோம். பருத்தியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. கத்தரியையும் வெண்டையையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். பருத்திக்கு உரிய மருந்தின் காத்திருப்புக் காலத்தை வீட்டுத் தோட்டத்தில் கடைப்பிடிக்க வழியே இல்லை. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த நம் நாட்டில் 2005ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு அதை அடித்தோம் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

"உப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடாதா?" என்று கேட்பார்கள். தோலின் மேல் படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து காய்க்குள் போய்விடும். அதை எந்தத் தண்ணீரும் கழுவாது. வீட்டுக்குப் பக்கத்தில் அடிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோழி மேய்வதும், குழந்தைகள் விளையாடுவதும், துணி காய்வதும், கிணறு இருப்பதும் அங்கேதான்.

மருந்துப் பாட்டிலில் ஒரு வண்ணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் கடுமையான நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு எல்லைக்குள் வரவே வேண்டாம். பச்சை என்றால் பாலைப் போல ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடவும் கூடாது.

தெளிப்பானாலும் ஒரு கெடுதல் வரும். நெல்லிலோ சோளத்திலோ 2,4-டி களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானில் வேப்பெண்ணெய் கலந்து தக்காளிக்கு அடித்தால், சில நாளில் தக்காளி இலை நாடா போல நீண்டு சுருளும், நுனி முறுக்கிக்கொள்ளும். வைரஸ் நோய் வந்துவிட்டது என்று அந்த இலையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். தக்காளி, கத்தரி, வெண்டை, பருத்தி, திராட்சை எல்லாமே இந்த மருந்தின் மிகச் சிறிய அளவுக்குக் கூடப் பாதிக்கப்படும். இரண்டு தரம் தண்ணீர் விட்டு அலசினால் டேங்கின் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருப்பது போகாது. களைக்கொல்லிக்கு ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்து, பெயின்டால் பெரிய குறி போட்டுவிடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் கைத்தெளிப்பான் போதும், விலையும் குறைவு.

மீதி மருந்தை என்ன செய்வது? மீதாமல் கலப்பதுதான் முதல் வழி. பரப்பைக் கணக்கிட்டு, கடைசி டேங்கைப் பாதி அளவுக்கு மட்டும் கலக்குங்கள். அப்படியும் மீந்தால் இன்னும் தண்ணீர் சேர்த்து மெலிதாக்கி, எந்தப் பயிருக்குக் கலந்தீர்களோ அதே வயலில் ஓரமாக அடித்து முடியுங்கள். வாய்க்காலிலும் கிணற்றடியிலும் கொட்டவே கூடாது.

பப்பாளி மாவுப்பூச்சி சொல்லிக் கொடுத்தது

மருந்து அடிக்காவிட்டால் பூச்சி எல்லாவற்றையும் தின்றுவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல பதில் இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி என்பதால் இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டுச் செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக அப்பியது. மெழுகுப் பூச்சு உடம்பை மூடியிருப்பதால் மருந்து சரியாக இறங்கவில்லை. விவசாயிகள் திரும்பத் திரும்ப அடித்தார்கள், பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. பட்டுப்புழு வளர்ப்போர் பாடு இன்னும் மோசம். மல்பெரிக்கு மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்கிற புழுவே செத்துவிடும்.

2010இல் இந்தப் பூச்சியின் சொந்த மண்ணுக்கு அருகிலிருந்து, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தின் வழியாக வரவழைக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வளர்த்து மாவட்டம் மாவட்டமாக விட்டது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே கொன்றுவிடும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. குளவி விட்ட தோட்டங்களில் மருந்து அடிக்க வேண்டாம் என்று அப்போது கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்து அடித்தால் மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும், குளவிதான் முதலில் சாகும்.

உங்கள் வீட்டுத் தென்னையில் வரும் சுருள் வெள்ளை ஈக்கும் இதே கதைதான். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தொடங்கிய இந்த ஈ, ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். அது விடும் தேன் போன்ற கழிவு கீழே உள்ள வாழை, கொய்யா, மிளகாய் எல்லாவற்றின் மேலும் விழுந்து கரும்பூசணம் படரும். இலை கறுப்பாவதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிக்காதீர்கள். இதற்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, அது தானே பெருகும். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆறடி உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள். எட்டுகிற உயரத்தில் உள்ள ஓலைகளில் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். கரும்பூசணம் படிந்த இலைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் கொதிக்க வைத்த பசையை ஆறவிட்டுத் தெளித்தால், காய்ந்ததும் பூசணம் செதில் செதிலாக உதிரும்.

எந்தப் பயிருக்கு என்ன செய்வது?

கத்தரியில் பெரிய தொல்லை தண்டு மற்றும் காய்ப்புழு. இளம் நுனி பட்டென்று வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கிள்ளியதைச் செடியடியிலேயே போட்டால் புழு வெளியே வந்து மண்ணில் கூட்டுப்புழுவாகிவிடும். வாரம் இருமுறை இதைச் செய்தால் பத்துச் செடிக்கு மருந்தே தேவையில்லை. வயலில் இரண்டு ஏக்கருக்கு இப்படிக் கிள்ள ஆள் கிடைக்காது. வீட்டில் பத்து நிமிட வேலை. துளை விழுந்த காயையும் பறித்து அப்புறப்படுத்துங்கள். காய்ப்பு ஓய்ந்த பழைய கத்தரிச் செடியை இன்னும் ஒரு காய் வருமே என்று விட்டு வைக்காதீர்கள், புதுச் செடிக்குப் பூச்சி அங்கிருந்துதான் வரும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்து கிடையாது. ஒரு செடியில் பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள், விதை வாங்கும்போது இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அவரை, தட்டைப்பயறில் அசுவினி வந்தால் அதிகாலையில் பனி ஈரம் இருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவலாம். பொறிவண்டும் அதன் புழுவும் அங்கே இருந்தால் சாம்பலும் வேண்டாம், அவையே தின்று தீர்த்துவிடும். பொறிவண்டின் புழு கறுப்பாக, சின்ன முதலை போல இருக்கும். அதைப் பயிரைத் தின்கிற பூச்சி என்று நசுக்குகிறவர்கள் அதிகம்.

பாகல், புடலை, பீர்க்கனில் பழ ஈ. காய் விரல் அளவு இருக்கும்போதே பழைய செய்தித்தாளில் பை செய்து கட்டிவிடுவதுதான் சிறந்த தடுப்பு. அழுகி விழுந்த காயைக் குப்பையில் எறியாமல், பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் புழு சாகும். பொறி வாங்குவதாக இருந்தால் கொடிக் காய்களுக்குக் கியூலூர், மாவுக்கும் கொய்யாவுக்கும் மீத்தைல் யூஜினால் என்று சொல்லி வாங்குங்கள். மாமரத்துக்கு வாங்கியதைப் பாகல் பந்தலில் கட்டிவிட்டு ஈ விழவில்லை என்று குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கொடிக் காய்களில் கந்தகத் தூளும் தாமிரப் பூசணக்கொல்லியும் தூவ வேண்டாம், இலை கருகும்.

பூசணி, சுரை பிஞ்சு பிடிக்காமல் உதிர்கிறது என்றால் பெரும்பாலும் தேனீ வராததே காரணம். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் தேனீ வந்தால்தான் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போகும். ஆகவே வேப்பெண்ணெயாக இருந்தாலும் மாலையில் மட்டும் தெளியுங்கள்.

முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது நீளக் கழியில் துணி சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, வழித்துத் தள்ளிக் கொன்றுவிடலாம். உடம்பில் பட்டால் அரிக்கும் என்பதால் கையை மூடிக்கொள்ளுங்கள். கீரை உருவிச் சமைக்கிற மரத்துக்கு விஷ மருந்து எந்த அளவிலும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய தெளிப்பு ஒன்று போதும். நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் பருப்பை இடித்து 50 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் துணியில் வடிகட்டி மூடி வைத்து, ஒரு துண்டு சோப்பைக் கரைத்து அன்று மாலையே தெளிக்க வேண்டும். பூசணம் பிடித்த கொட்டையும் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கொட்டையும் பலன் தராது. வேப்பெண்ணெய் என்றால் வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 30 மில்லி வரை சொல்கிறோம். இளம் நாற்றுக்கு அது அதிகம், 5 மில்லியில் தொடங்கிப் பாருங்கள். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் வீதம் கலந்தால் நாற்றழுகல் குறையும். வீட்டு அளவு விதைக்கு ஒரு சிட்டிகை.

சருகை எரிக்காதீர்கள், எருக்குழியைக் கிளறுங்கள்

வாசல் பெருக்கிய சருகைக் குவித்துத் தீ வைப்பது தினசரி வழக்கமாக இருக்கிறது. எரிக்கும்போது சருகிலுள்ள தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்தும் சுண்ணாம்பும்தான். குவியலில் பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தாலும் அந்தப் புகை வீட்டுக்குள்தான் வரும்.

மூன்றடி ஆழம், மூன்றடி அகலத்தில் ஒரு குழி போதும். காய்ந்த சருகு மூன்று பங்குக்குப் பச்சைக் கழிவும் சாணமும் ஒரு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, 15 நாளுக்கு ஒருமுறை கிளறினால் இரண்டரை மாதத்தில் மக்கும். நாற்றம் வந்தால் ஈரமும் பச்சையும் அதிகம், சருகு சேருங்கள். அப்படியே காய்ந்து கிடந்தால் தண்ணீரும் சாணமும் குறைவு. மீன், இறைச்சிக் கழிவைப் போட்டால் நாயும் எலியும் குழியைத் தோண்டும். எடுத்த உரத்தைச் செடிக்கு இரண்டு கை இட்டு, மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

எருக்குழியில் கவனிக்க வேண்டியது காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கிற இந்த வண்டு முட்டையிடுவது சாணக் குப்பையில். வீட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு மாதமாகக் கிளறாத குப்பைமேடு, அந்தப் பக்கம் விசிறி போல வெட்டுப்பட்ட ஓலையோடு தென்னை. இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குப்பையைக் கிளறும்போது தெரியும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பச்சை மஸ்கார்டின் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை, பொட்டலத்தில் உள்ள அளவில் தண்ணீரில் கரைத்துக் குப்பையில் ஊற்றினால் மீதிப் புழுவும் நோய் பிடித்துச் சாகும். மரத்தில் நடுக்குருத்தை ஒட்டிய இரண்டு மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைக்கலாம்.

யூரியா வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை. கைப்பிடி யூரியா போட்டதும் செடி கரும்பச்சையாவது உண்மைதான், அந்தச் சதைப்பற்றான இலைக்கு அசுவினி தேடி வருவதும் உண்மை. மணற்பாங்கான நிலத்தில் மிச்சம் நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு, கைக்குழந்தைகளுக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம்.

குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர்

இதைத் தெருவில் விடாமல் தோட்டத்துக்குத் திருப்புவது நல்லது, ஆனால் நேராகக் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. மூன்றடிக் குழியில் அடியில் உடைகல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட்டு, சுற்றி கல்வாழையும் சேம்பும் வையுங்கள். வழிந்து வருவதை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். துணி துவைத்த தண்ணீரில் சோடியம் அதிகம். அதையே ஒரு இடத்தில் தொடர்ந்து விட்டால் மண் இறுகி, மழை பெய்தாலும் தண்ணீர் இறங்காது. மாற்றி மாற்றி வேறு மரத்துக்கு விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் சேர்க்க வேண்டாம். மேலே தண்ணீர் தேங்கி நின்றால் கொசு உற்பத்தியாகும், மணலை அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

வேலிக்குச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வைப்பதில் தவறில்லை, செடியாக வளர விடாதீர்கள். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கை வழியாக ஊர் முழுக்கப் பரவும். உண்ணிச்செடியும் அப்படித்தான். கிளுவை, நொச்சி, ஆடாதோடை நட்டால் வேலியும் ஆகும், மருந்துக்கும் ஆகும். கிளைரிசிடியா வைத்தால் தழையைக் குழிக்குப் போடலாம்.

காலி பாட்டில்

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. மருந்து கேனைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைப்பது நம் ஊர்களிலும் நடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

பாட்டில் காலியானதும் கால்பாகம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி அடியில் ஓட்டை போடுங்கள். அடுப்பில் எரிக்கவோ வாய்க்காலில் எறியவோ வேண்டாம். மீதி மருந்தை வேறு பாட்டிலில், குறிப்பாகக் குளிர்பான பாட்டிலில், ஊற்றி வைக்கவே கூடாது. பூட்டிய பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் உப்புக் கரைசலோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். 108ஐ அழையுங்கள். மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறுபடும் என்பதால் பாட்டிலையோ லேபிளையோ மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்து தீரும்வரை லேபிளைக் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.